காடும் கழனியும்: வட குளிர் நிலங்களின் மண் நுண்ணுயிர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடதுருவத்தை ஒட்டிய குளிர் நாடுகளின் மண்ணைப் பற்றி வேளாண்மை மாணவர்களும் ஆர்வலர்களும் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இவை. அலாஸ்காவின் உட்பகுதியில் உள்ள ஃபேர்பேங்க்ஸ், டெல்டா ஜங்ஷன் வட்டாரத்தையே பெரும்பாலும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். காடும் வயலும் ஒரே வேலிக்கு இரு பக்கமும் கிடக்கும் இடம் அது. தேவைப்படும்போது சுவீடன், பின்லாந்து, சைபீரியா பக்கமும் போய்வரலாம்.

ஆண்டில் பாதி நாள் உறைந்து கிடக்கும் மண்ணில் நுண்ணுயிர்கள் இருக்கின்றனவா?

தாராளமாக இருக்கின்றன. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் உறைந்தே கிடந்த சைபீரிய மண்ணில்கூட, ஒரு கிராமுக்கு லட்சக்கணக்கில் பாக்டீரியா செல்களை எண்ணியிருக்கிறார்கள். ஆண்டுதோறும் உருகி உறையும் மேலடுக்கில் எண்ணிக்கை இன்னும் பல மடங்கு. பாக்டீரியா, ஆர்க்கியா (பாக்டீரியாவைப்போல் தோன்றினாலும் தனி வகை நுண்ணுயிர்), பூஞ்சை, ஒருசெல் விலங்குகள் என எல்லா வகையும் உண்டு. வெப்பமண்டல மண்ணோடு ஒப்பிட்டால் குறைவது தலைக்கணக்கு அல்ல, வேலையின் வேகம். ஃபேர்பேங்க்ஸ் காட்டில் விழும் ஸ்புரூஸ் மரத்தின் ஊசியிலை பல ஆண்டுகள் உருக்குலையாமல் கிடக்கும். மக்கும் வேகத்தைவிடச் சேரும் வேகம் கூடுதல் என்பதால்தான் அங்கே மண்ணுக்கு மேல் இவ்வளவு தடித்த சருகு அடுக்கு.

மண் உறைந்த பிறகு அவற்றுக்குத் தண்ணீர் எங்கிருந்து கிடைக்கிறது?

மண் உறைந்துவிட்டது என்றால் அதிலிருக்கும் நீர் முழுவதும் பனிக்கட்டியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. வண்டல் துகள்களைச் சுற்றி மிக மெல்லிய நீர்ப்படலம் ஒன்று, பூஜ்யத்துக்குக் கீழே 5 டிகிரி, 10 டிகிரி என்று இறங்கினாலும் திரவமாகவே நிற்கும். துகளின் பரப்பு அந்த நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. உறையும் நீர் தன்னிடமிருந்து ஒதுக்கித் தள்ளும் உப்பும் அந்தப் படலத்தில்தான் சேர்கிறது; உப்பு கூடினால் உறைநிலை இறங்கும். நுண்ணுயிர்கள் குடியிருப்பது அந்தப் படலத்தில். மணல் மண்ணைவிட நுண்வண்டல் மண்ணில் இப்படிப்பட்ட நீர் அதிகம் என்பதால், ஒரே குளிரில் இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை.

செல்லுக்கு உள்ளேயும் ஏற்பாடுகள் உண்டு. குளிரில் விறைக்காமல் இருக்கும்படி செல் சவ்வின் கொழுப்பு அமிலங்களை மாற்றிக்கொள்கின்றன. டிரெஹலோஸ் என்ற சர்க்கரையைச் சேர்த்து வைக்கின்றன. கனடாவின் உயர் ஆர்க்டிக் பகுதியிலிருந்து எடுத்த பிளானோகாக்கஸ் ஹாலோகிரையோஃபிலஸ் என்ற பாக்டீரியா, ஆய்வுக்கூடத்தில் உப்பு மிகுந்த ஊடகத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரியிலும் பெருகிக் காட்டியது.

மேலே விழும் பனியும் உதவிதான். வெளிக்காற்று மைனஸ் 40க்குப் போகும் நாளிலும், முழங்கால் உயரப் பனிக்கு அடியில் மண் பூஜ்யத்துக்குச் சில டிகிரி கீழேதான் இருக்கும். அக்டோபரிலேயே பனி விழுந்து மூடிவிட்டால் அந்தக் குளிர்காலம் முழுவதும் மண்ணிலிருந்து கரியமில வாயு மெதுவாகக் கசிந்துகொண்டிருக்கும். பனி தாமதமானால் மண் இறுகிவிடும். குளிர்காலத்தில் மண் தூங்குகிறது என்று பள்ளிப் பாடங்கள் சொல்லிக்கொடுத்ததை இனி யாரும் திருப்பிச் சொல்லாமல் இருந்தால் நல்லது.

காட்டில் ஒரு குழி வெட்டினால் என்ன தெரியும்?

ஃபேர்பேங்க்ஸ் அருகே வடக்குச் சரிவில் உள்ள கருஸ்புரூஸ் காட்டை எடுத்துக்கொள்வோம். மண்வெட்டி முதலில் மண்ணைத் தொடவே தொடாது. மேலே விரற்கடை அளவுக்கு உயிருள்ள பச்சைப் பாசி. அதன் கீழே அதே பாசி செத்துப் பழுப்பாகி, இழை இழையாகப் பிரிந்து வரும். அதற்கும் கீழே கறுத்து, பிசுபிசுத்து, பிழிந்தால் நீர் சொட்டும் அடுக்கு. ஸ்புரூஸின் மெல்லிய வேர்கள் அநேகமாக எல்லாமே இந்த ஓர் அடிக்குள்தான் படர்ந்திருக்கின்றன. வேர் நுனிகளைக் கூர்ந்து பார்த்தால் குட்டையாக, மழுங்கலாக, பூஞ்சை உறை போர்த்தியிருக்கும். அங்கிருந்து வெள்ளையும் மஞ்சளுமாக நூல்கள் கிளம்பிப் போகும். பிறகுதான் சாம்பல் நிற வண்டல், காற்று கொண்டுவந்து கொட்டிய மண். இன்னும் ஓரடி, ஒன்றரை அடி போனால் மண்வெட்டி 'ணங்' என்று நிற்கும். அதுதான் நிரந்தர உறைநிலம். தொடர்ந்து இரண்டு ஆண்டுகளாவது பூஜ்யம் டிகிரிக்கு மேல் போகாத நிலத்துக்கு அந்தப் பெயர்.

அதே ஊரின் தெற்குச் சரிவுக்குப் போனால் காட்சி வேறு. பிர்ச்சும் ஆஸ்பெனும் நிற்கும்; பாசி குறைவு; உறைநிலம் பெரும்பாலும் இருக்காது. வெயில் விழும் கோணம் மாறியதும் மண்ணுக்குள் இருக்கும் கூட்டமும் மாறிவிடுகிறது.

உறைநிலத்தைக் காப்பாற்றுவது அந்தப் பாசி அடுக்கு. உமிக்குள் புதைத்த ஐஸ்கட்டி வெயிலில் தாக்குப்பிடிக்கிறதே, அப்படித்தான் இதுவும். கோடையில் உலர்ந்த பாசி வெப்பத்தை உள்ளே விடாது. குளிர்காலத்தில் அதே பாசி ஈரத்தோடு உறைந்து, உள்ளிருக்கும் வெப்பத்தை எளிதாக வெளியே விட்டுவிடும். பாசிக்குக் கீழே எந்த நுண்ணுயிர், எவ்வளவு வேகத்தில் வேலை செய்ய வேண்டும் என்பது பெரும்பாலும் இந்த அடுக்கின் தடிமனில் முடிவாகிவிடுகிறது. இனி வரும் விடைகளில் பாதி இதையொட்டியவைதான்.

யாரும் உரம் போடாத காட்டுக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) எங்கிருந்து வருகிறது?

வெகுகாலம் கணக்கில் இடித்த கேள்வி இது. மழையோடு வருவது சொற்பம். அவரைக் குடும்பச் செடிகளும் அங்கே அதிகமில்லை. 2002இல் வட சுவீடன், பின்லாந்து காடுகளில் நடந்த ஆய்வு ஒரு விடை தந்தது. தரையெங்கும் படரும் சிவப்புத்தண்டு இறகுப்பாசியின் இலைகளுக்குள் நாஸ்டாக் வகை நீலப்பசும் பாக்டீரியா குடியிருந்து, காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தருகிறது. ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 1.5 முதல் 2 கிலோ. நெல்லுக்கு மூட்டை மூட்டையாக யூரியா போடுபவர்களுக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் அந்தக் காட்டின் தேவைக்கு இது பெரிய வரவு.

ஃபேர்பேங்க்ஸ் பக்கத்து டனானா ஆற்றங்கரை போன்ற புதிய வண்டல் படுகைகளில் கதை வேறு. அங்கே ஆல்டர் புதர்கள் முந்திக்கொள்கின்றன. அவற்றின் வேர் முடிச்சுகளில் இருப்பது ஃபிராங்கியா. நம் கடற்கரைச் சவுக்குத் தோப்புகளை வெறும் மணலில் வளர வைக்கும் அதே இனத்தின் உறவுதான். ஆல்டர் நின்ற இடத்தில் சேரும் தழைச்சத்தைப் பின்னால் வரும் ஸ்புரூஸ் அனுபவிக்கிறது.

இன்னொன்று. தாவரங்கள் அம்மோனியமாகவோ நைட்ரேட்டாகவோ மாறிய தழைச்சத்தைத்தான் எடுக்கும் என்று பாடப்புத்தகம் சொல்லும். 1998இல் வட சுவீடனில், அடையாளமிட்ட கிளைசின் என்ற அமினோ அமிலத்தைக் காட்டு மண்ணில் செலுத்திப் பார்த்தார்கள். பைன், ஸ்புரூஸ், தரையில் வளரும் புல், குறுஞ்செடி என எல்லாமே அதை அப்படியே உறிஞ்சின. நுண்ணுயிர்கள் முழுவதும் சிதைத்துத் தரும்வரை குளிர்நிலத் தாவரங்கள் காத்திருப்பதில்லை.

காட்டு மண்ணில் பூஞ்சைகளுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

மரமும் பூஞ்சையும் தனித்தனி என்று பார்த்தால் அந்தக் காடு புரியாது. ஊசியிலை மரங்கள் தாங்கள் தயாரிக்கும் சர்க்கரையில் கணிசமான பங்கை வேர்ப்பூசணங்களுக்குக் கொடுத்து, தழைச்சத்தையும் மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) வாங்கிக்கொள்கின்றன. வட சுவீடனின் ஒஹேடன் பைன் காட்டில் செய்த ஒரு சோதனை இதைத் தெளிவாகக் காட்டியது. மரங்களின் பட்டையை வளையமாக உரித்து, இலையிலிருந்து வேருக்குச் சர்க்கரை இறங்கும் வழியை அடைத்தார்கள். ஐந்தே நாட்களில் மண்ணின் சுவாசம் 37 சதவீதம் வரை குறைந்தது. ஓரிரு மாதங்களில் சரிவு 54 சதவீதத்தைத் தொட்டது. முடிவுகள் 2001இல் வெளிவந்தன. அதாவது, மண்ணிலிருந்து வெளிவந்த கரியமில வாயுவில் பாதிக்கு மேல் பழைய சருகு மக்கியதால் வந்ததல்ல. சில நாட்களுக்கு முன் இலையில் உருவான சர்க்கரை வேரிலும் பூஞ்சையிலும் செலவானது.

அதே சுவீடனில் ஹோர்னாவன், உட்யவ்ரே ஏரிகளின் தீவுகளை ஆராய்ந்தவர்கள் 2013இல் இன்னொரு விஷயத்தைச் சொன்னார்கள். அங்கே மண்ணில் சேர்ந்த கரிமத்தில் பாதி முதல் 70 சதவீதம் வரை வேரும் வேரோடு சேர்ந்த பூஞ்சைகளும் கொடுத்தது. மேலிருந்து விழும் சருகுதான் மண்ணை வளர்க்கிறது என்ற எண்ணத்துக்கு இது நல்ல அடி.

அந்தக் காட்டை அழித்து உழுதால் என்ன நடக்கும்?

முதலில் நடப்பது நுண்ணுயிரியல் அல்ல, வெப்ப இயற்பியல். ஃபேர்பேங்க்ஸ் அருகே அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் 1946இல் மூன்று துண்டு நிலங்களைப் பிரித்தார்கள். ஒன்றைத் தொடவில்லை. இரண்டாவதில் மரங்களை மட்டும் வெட்டி, பாசியையும் வேரையும் விட்டுவைத்தார்கள். மூன்றாவதில் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்தார்கள். 26 ஆண்டுகள் கழித்து அளந்தபோது, தொடாத நிலத்தில் உறைநிலம் இருந்த இடத்திலேயே இருந்தது. மரம் வெட்டியதில் 4.7 மீட்டருக்கும், முழுவதும் சுரண்டியதில் 6.7 மீட்டருக்கும் இறங்கிவிட்டிருந்தது. உழவுக்கு நிலம் திருத்துவது என்பது மூன்றாவது வேலையைச் செய்வதுதான்.

மண்ணுக்குள் பெரிய பனிக்கட்டி ஆப்புகள் இருந்தால் அவை உருகி நிலம் குழியும் மேடுமாக உட்கார்ந்துவிடும். ஃபேர்பேங்க்ஸ் வட்டாரத்தின் ஆரம்பகால வயல்கள் சில இப்படி டிராக்டர் ஓட்ட முடியாத அளவுக்குக் குண்டும் குழியுமாயின. பனிக்கட்டி குறைந்த, நீர் வடியும் மண்ணாக இருந்தால் மட்டும் பிழைத்தது. சூடாகி, உலர்ந்து, பயிருக்குத் தோதாகிவிடும்.

அதற்குப் பிறகுதான் நுண்ணுயிர்களின் ஆட்டம். மரம் போனதும் மரத்தை நம்பிய வேர்ப்பூசணங்கள் பட்டினியாகின்றன. அவற்றின் இடத்தில், பார்லிக்கும் புல்லுக்கும் பழக்கமான வேர் உட்பூசண வகை மெதுவாக வந்து சேர்கிறது. நம் ஊரில் 'வாம்' என்று பாக்கெட்டில் விற்கும் வகை அதுதான். பூஞ்சையின் ஆதிக்கம் குறைந்து பாக்டீரியாவின் பங்கு கூடுகிறது. சுண்ணாம்பும் உரமும் விழுந்ததும் அம்மோனியத்தை நைட்ரேட்டாக்கும் கூட்டம் பெருகுகிறது; காட்டில் அதற்கு அநேகமாக வேலையே இல்லை. நைட்ரேட் நீரோடு ஓடக்கூடியது என்பதால், காடு கைவிடாமல் பிடித்து வைத்திருந்த தழைச்சத்து வயலில் கசியத் தொடங்குகிறது. உழவு நுண்ணுயிர்களைக் கொன்றுவிடுகிறது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதை நான் ஏற்பதில்லை. கூரையைப் பிரித்துவிட்டு, குடியிருப்பவர்களை மாற்றி, வேலையின் வேகத்தைக் கூட்டுகிறது. அதற்கான விலை மண்ணின் கரிமச் சேமிப்பிலிருந்து போகிறது.

டெல்டா ஜங்ஷன் பெயர் ஏன் அடிக்கடி வருகிறது?

ஃபேர்பேங்க்ஸிலிருந்து தென்கிழக்கே சுமார் 150 கிலோமீட்டரில் இருக்கும் ஊர் அது. 1978இல் அலாஸ்கா மாநில அரசு அங்கே பெருமளவு காட்டை விவசாயத்துக்கு ஒதுக்கி, பார்லி ஏற்றுமதி செய்யலாம் என்று கனவு கண்டது. மரத்தையும் பாசியையும் புல்டோசரால் தள்ளி நீள நீளமான வரப்புகளாகக் குவித்து எரித்தார்கள். ஏற்றுமதிக் கனவு பலிக்கவில்லை. நிலத்தின் கணிசமான பகுதி பின்னர், உழாமல் புல் மூடி விடுவதற்குப் பணம் தரும் அரசுத் திட்டத்துக்குள் போனது. திட்டம் தோற்றது விவசாயிகளுக்கு வருத்தம்தான். ஆனால் ஆய்வாளர்களுக்கு ஒரே மண்ணில் காடு, உழும் வயல், உழாத வயல், கைவிட்ட வயல் நான்கும் அருகருகே கிடைத்தன.

வைக்கோலை வயலிலேயே விட்டால் மக்கிவிடாதா?

மக்கும், அவசரப்படாது. அறுவடை ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ முடியும், சில வாரங்களில் மண் உறையத் தொடங்கிவிடும். போன ஆண்டு பார்லித் தாள் அடுத்த ஆண்டும் வயலில் நிற்பது சாதாரணம். உழாமல் விதைக்கும் முறையை இங்கே பின்பற்றுபவர்களுக்கு அது இரு முனைக் கத்தி. தாள் மூடாக்கு ஈரத்தைக் காக்கும், காற்றில் மண் பறப்பதைத் தடுக்கும். அதே மூடாக்கு வசந்த காலத்தில் மண் சூடாவதைத் தாமதப்படுத்தும். 90 நாள் சொச்சம் மட்டுமே பயிர்க்காலம் உள்ள ஊரில் ஒரு வாரத் தாமதம் சின்ன விஷயமல்ல. தாளை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் முதலில் தங்களுக்கான தழைச்சத்தை எடுத்துக்கொண்ட பிறகுதான் பயிருக்கு மிச்சம் என்பதையும் உரக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அலாஸ்காவின் ராட்சத முட்டைக்கோஸுக்கு மண் நுண்ணுயிர்தான் காரணமா?

முக்கியக் காரணம் வெயில். பால்மர் ஊரில் நடக்கும் மாநிலக் கண்காட்சிக்கு 2012இல் 138.25 பவுண்டு, அதாவது சுமார் 62.7 கிலோ எடையுள்ள ஒரு முட்டைக்கோஸ் வந்தது. ஜூன் மாதம் அங்கே 19 மணி நேரம் வரை பகல். வேடிக்கை என்னவென்றால், முட்டைக்கோஸ் குடும்பம் வேர் உட்பூசணத்தோடு உறவே வைத்துக்கொள்ளாத குடும்பம். உரத்தை நேரடியாகக் கொட்டினால் போதும். இதைக் காட்டி 'இயற்கை மண்ணின் மகிமை' என்று யாராவது பேசினால் நம்ப வேண்டாம்.

பனிக்கு அடியில் பயிரைத் தாக்கும் நோய் உண்டா?

உண்டு. பனிப் பூசணங்கள் என்ற கூட்டம் இதில் பேர்போனது. குளிர்காலக் கோதுமையும் ரை என்ற தானியமும் பனிக்கு அடியில் மாதக்கணக்கில் இருட்டில் கிடக்கும்போது, சேமித்த சர்க்கரை கரைந்து பயிர் சோர்ந்துபோகும். அந்த நேரம் பார்த்து டைஃபுலா இஷிகாரியென்சிஸ், மைக்ரோடோகியம் நிவாலே போன்றவை பூஜ்யத்தை ஒட்டிய வெப்பநிலையிலேயே இலையைத் தின்னத் தொடங்குகின்றன. பனி உருகியதும் வயலில் வட்டவட்டமாக வெளுத்துப்போன பயிர் தெரியும். டைஃபுலா, நீர் உறைவதைத் தடுக்கும் புரதங்களைச் சுரந்து தன் இழைகளைக் காத்துக்கொள்கிறது. ஜப்பானின் ஹொக்கைடோவில் வசந்த காலத்தில் பனியின் மேல் கரும்பொடி தூவுவார்கள். கறுப்பு வெயிலை உறிஞ்ச, பனி சில நாட்கள் முன்னதாக உருகும், பூசணத்துக்கு அவகாசம் குறையும். மருந்தடிப்பதைவிட எனக்குப் பிடித்த வைத்தியம் இதுதான்.

மண்புழுக்கள்?

வட அமெரிக்காவின் போரியல் காடுகளில் (வட குளிர் நிலத்தின் ஊசியிலைக் காடுகள்) பெரும்பகுதிக்கு மண்புழு சொந்தமில்லை. தூண்டில் இரையாகவும், தோட்ட மண்ணோடும், வண்டிச் சக்கரச் சேற்றோடும் ஐரோப்பிய இனங்கள் நுழைந்துகொண்டிருக்கின்றன. வயலுக்கு நண்பன், காட்டுக்குள் போனால் பூஞ்சைகள் வாழும் சருகு அடுக்கையே தின்று தீர்த்துவிடும்.

குளிர் வயல்களிலிருந்து பசுமைக்குடில் வாயு வருகிறதா?

வருகிறது, அதுவும் எதிர்பாராத பருவத்தில். வசந்தத்தில் மண் உருகும் சில நாட்களில் நைட்ரஸ் ஆக்சைடு குபுகுபுவென்று கிளம்பும். உறைதலில் செத்த செல்களும் வேர்களும் கரைந்து உணவாகின்றன. கீழே இன்னும் உறைந்த அடுக்கு இருப்பதால் நீர் வடியாமல் மண் மூச்சு முட்டுகிறது. நைட்ரேட்டைச் சுவாசிக்கும் பாக்டீரியாக்களுக்கு இதைவிட நல்ல சூழல் கிடையாது. கனடாவின் மானிட்டோபா, ஒன்டாரியோ வயல்களில் பல ஆண்டுகள் இடைவிடாமல் அளந்ததை வைத்து 2017இல் ஒரு மதிப்பீடு வந்தது. இந்த உருகுகாலத்தை விட்டுவிட்டால் உலக விளைநிலங்களின் நைட்ரஸ் ஆக்சைடு கணக்கு 17 முதல் 28 சதவீதம் குறைவாகிவிடும் என்றது அது. ஒரு நூற்றாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் சுமார் 270 மடங்கு வெப்பமூட்டும் வாயு இது என்பதால், கோடையில் மட்டும் அளந்துவிட்டு வீட்டுக்குப் போகும் வழக்கம் இனி செல்லாது.

காட்டிலும் சதுப்பிலும் மீத்தேன் நிலைமை என்ன?

நீர் வடியும் காட்டு மண்ணில் மீத்தேனைத் தின்னும் பாக்டீரியாக்கள் காற்றிலிருந்தே அதை எடுத்துக்கொள்கின்றன. நீர் தேங்கினால் கணக்கு தலைகீழ். சுவீடனின் அபிஸ்கோ அருகே ஸ்டோர்டலன் சதுப்பில், கீழிருக்கும் உறைநிலம் உருகி நிலம் அமிழ்ந்து ஈரமான இடங்களில் ஓர் ஆர்க்கியா ஓங்கி நிற்பதை 2014இல் அறிவித்தார்கள். அந்தச் சதுப்பின் பெயரையே சேர்த்து மெத்தனோஃபுளோரன்ஸ் ஸ்டோர்டலன்மிரென்சிஸ் என்று பெயரிட்டார்கள். அங்கே உருகலோடு கூடிய மீத்தேனில் இதற்குப் பெரும்பங்கு. வடக்கு உறைநிலப் பகுதி மண்ணில் இருக்கும் கரிமம் சுமார் 1.5 லட்சம் கோடி டன்; வளிமண்டலத்தில் இருப்பதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. அது எந்த நுண்ணுயிரின் வாயில், ஈரத்திலா உலர்நிலத்திலா விழுகிறது என்பதைப் பொறுத்தே மீத்தேனா, கரியமில வாயுவா என்பது முடிவாகும்.

உருகும் மண்ணிலிருந்து பழைய கிருமிகள் வெளிவருமா?

ஆந்த்ராக்ஸ் வந்திருக்கிறது. 2016 கோடையில் ரஷ்யாவின் யமால் தீபகற்பத்தில் வெப்பம் வழக்கத்தை மீறியது. பழைய தொற்றில் செத்த விலங்குகள் கிடந்த மண் உருகி வித்துகள் வெளிவந்ததே காரணம் என்று கருதப்படுகிறது. 2,000க்கும் மேற்பட்ட கலைமான்கள் மடிந்தன. ஒரு சிறுவனும் உயிரிழந்தான். கலைமான்களுக்குத் தடுப்பூசி போடுவதைச் சில ஆண்டுகளுக்கு முன் நிறுத்தியிருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பழங்கால வைரஸ் உலகை அழிக்கும் என்ற பரபரப்பை ஒதுக்கிவிட்டு, கால்நடைத் தடுப்பூசியைக் கவனிப்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

உயிர் உரங்கள் குளிர் வயலில் வேலை செய்யுமா?

ரைசோபியம் என்ற வேர்முடிச்சு பாக்டீரியா வேலை செய்யும். புதிதாகத் திருத்திய வயலுக்கு அவசியமும்கூட. பட்டாணியோ குளோவர் என்ற தீவனச் செடியோ இதுவரை வளராத மண்ணில் அவற்றுக்குரிய இனம் இருக்காது என்பதால் விதையோடு கலந்துதான் கொடுக்க வேண்டும். மண் குளிர்ந்திருந்தால் முடிச்சு விடுவது தாமதமாகும், அவ்வளவுதான். பின்லாந்துப் பண்ணைகள் செங்குளோவரை நம்பி வளர்ந்தவை. அங்கே வேர்முடிச்சு பாக்டீரியாவை ஆராய்ந்த அர்த்துரி வீர்தனென், பசுந்தீவனத்தைக் கெடாமல் பாதுகாக்கும் முறைக்காக 1945இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். மற்றபடி, 'ஆர்க்டிக் நுண்ணுயிர்க் கலவை' என்று புட்டியில் விற்பவற்றை வாங்கும் முன், பக்கத்தில் ஒரு பாத்தியை அது இல்லாமல் விட்டு ஒப்பிட்டுப் பார்க்கவும்.

வடக்கு சூடாகிறதே, அங்கே விவசாயம் பெருகினால் நல்லதுதானே?

1979க்குப் பிறகு ஆர்க்டிக் பகுதி உலக சராசரியைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடாகியிருக்கிறது. பயிர்க்காலம் நீளும், புதிய பயிர்கள் வரும். கோதுமை எவ்வளவு வடக்கே விளையும் என்று வரைபடத்தில் கோடு போடுபவர்கள் வானிலையை மட்டும் பார்க்கிறார்கள். மண்ணுக்குள் எவ்வளவு பனிக்கட்டி, மேலே எவ்வளவு சருகு அடுக்கு என்பதைப் பார்ப்பதில்லை. தெற்குச் சரிவில், நீர் வடியும் வண்டலில், ஏற்கெனவே திருத்திக் கைவிட்ட நிலத்தில் பயிர் செய்வதில் எனக்கு ஆட்சேபமில்லை. கருஸ்புரூஸ் நிற்கும் ஈர நிலத்தைப் புதிதாகத் திருத்துவது வேறு விஷயம். டெல்டா ஜங்ஷனில் திருத்திய வயல்களே முழுவதும் பயிராகாமல் கிடக்கின்றன. அவற்றுக்குச் சாலையும் தானியக் கிடங்கும் செய்து கொடுத்துவிட்டு அடுத்த காட்டைப் பற்றிப் பேசலாம்.